தொண்ணூறு நொடி நிழல்

பொய் சொல்லும் முகம் எப்படி இருக்கும் என்று பிரதீபாவுக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடமாக அந்த முகங்களைத் தயார் செய்வதுதான் அவள் பிழைப்பு. திருப்பூரில் தூவானம் எக்ஸ்போர்ட்ஸ் என்ற பனியன் கம்பெனியில், தொழிலாளர் விதிகள் நடப்பதாகக் கணக்குக் காட்டும் கம்ப்ளையன்ஸ் மேனேஜர் அவள். பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருடத்துக்கு இரண்டு முறை ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். வருகிறவர் டெய்லர் பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, சாப்பாட்டு நேரம் முழுதாகக் கிடைக்கிறதா, ஆறரை மணிக்கு மேல் பிடித்து வைக்கிறார்களா என்று விசாரிப்பார். அதற்கு முந்தின வாரமே பிரதீபா எழுநூறு பேரையும் கூட்டம் கூட்டமாக உட்காரவைத்துப் பாடம் நடத்தி முடித்திருப்பாள்.

"அரை மணி நேரம் முழுசாக் கிடைக்குதுங்கன்னு சொல்லோணும். ஒன்றரை ஷிப்ட்டுங்கற பேச்சே வாயில வரக்கூடாது. புரியுதுங்களா?"

புரியும். ராத்திரி வரை நீளும் அந்த ஒன்றரை ஷிப்ட் என்ற வார்த்தையைக் கேட்டே வளர்ந்த பெண்கள் அவர்கள். பத்து நிமிடத்தில் சோற்றை விழுங்கிவிட்டு மெஷினுக்கு ஓடுவது அந்த ஊரில் ஒரு செய்தியே இல்லை. ஆடிட் அன்றைக்கு அவர்கள் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பார்கள். வந்தவருக்கும் விஷயம் தெரியும். தெரிந்துகொண்டே எழுதிக்கொண்டு போவார். பிரதீபா அன்று வீட்டுக்குப் போய் யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்வாள்.

பிறகு அந்தப் பட்டை வந்தது. அதன் பெயர் நிழல்.

அதைக் கொண்டுவந்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த நரேன் என்ற இளம் என்ஜினீயர். விரல் அகலத்தில் ஒரு துணிப்பட்டை. நெற்றியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். முதலாளி ராஜகணபதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதக் கட்டுனா என்ன ஆகுமுங்க தம்பி?"

"தொண்ணூறு செகண்ட்ல அரை மணி நேரம் ஓய்வு எடுத்த மாதிரி இருக்குங்க சார்."

"மாதிரியா?"

"மாதிரின்னு சொல்லக்கூடாது. ஓய்வுதான்." நரேன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணசந்த ரெண்டு நிமிஷத்துல கனவுல ஒரு முழுக் கல்யாணத்தப் பாத்து, பந்தில உக்காந்து சாப்ட்டு, மொய்யும் எழுதிட்டு வந்திருப்பீங்க. மூளைக்குள்ள கடிகாரம் வேற. முதல் நாள் ஒவ்வொருத்தரையும் ஏசி ரூம்ல உக்காரவெச்சு, பிடிச்ச சாப்பாடு போட்டு, வேணுங்கற அளவு தண்ணி குடுத்து, அரை மணி நேரம் கால நீட்டிக்கச் சொல்லுவோம். அப்ப மூளை எப்படி இருந்துச்சுன்னு பட்டை பதிஞ்சுக்கும். அதுக்கப்புறம் எப்பக் கட்டுனாலும் அதே அரை மணி திரும்பக் கிடைக்கும். பசி, தாகம், கால் வலி எல்லாம் அடங்கிரும்."

"அடங்குமா, தீருமா?" என்று கேட்டாள் பிரதீபா.

நரேன் சிரித்தார். "உணர்வுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பின்னால் எத்தனையோ முறை அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், விட்ட கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவள் செய்தது வேறு. தானே பட்டையைக் கட்டிப் பார்த்தாள். முந்தின நாள் பதிவு செய்த அரை மணி அப்படியே வந்தது: குளுகுளுவென்ற அறை, தயிர்சாதம், நார்த்தங்காய், நீட்டிய கால், நிதானமாக ஓடும் யோசனைகள். கண்ணைத் திறந்தபோது மேஜைமேல் இருந்த டீயில் ஆவி இன்னும் அடங்கவில்லை. பொய்யில்லை, உடம்பு லேசாகத்தான் இருந்தது. 'தொழிலாளர்களுக்கு அரை மணி நேர ஓய்வு கிடைப்பதை நேரில் சரிபார்த்தேன்' என்ற படிவத்தில் அவள் சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டாள்.

காலை டீக்குக் கால் மணி, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி, மாலை டீக்குக் கால் மணி என்று இருந்ததெல்லாம் போயிற்று. முதலாளி தாராள மனசுக்காரராகிவிட்டார். ஓய்வு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது எதற்குக் கஞ்சத்தனம்? மணிக்கு ஒரு தரம் மணியடித்து, நாளுக்கு ஒன்பது நிழல் கொடுத்தார். ஒன்பதும் சேர்ந்து கடிகாரத்தில் கால் மணிகூட ஆகாது. மிச்சமான முக்கால் மணி நேரமும் மெஷினுக்குப் போயிற்று. அதற்கு ஓவர்டைம் என்று யாரும் பேர் வைக்கவில்லை, ரெக்கார்டில்தான் அது ஓய்வு நேரம் ஆயிற்றே. உட்கார ஆளில்லாத கேன்டீனில் பெஞ்சுகளை எடுத்துவிட்டுப் பேக்கிங் செக்‌ஷனைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அடுத்த ஆடிட்டுக்குப் பிரதீபா பாடம் நடத்தவே இல்லை. ஓவர்லாக் டெய்லர் ரேணுகாதேவி, ஆடிட்டரின் கண்ணை நேருக்கு நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அரை மணியா? ஒரு நாளைக்கு ஒம்பது அரை மணிங்க. எங்கூட்ல கூட எனக்கு இப்படிக் கெடச்சதில்லீங்க."

எழுநூறு முகத்தில் ஒரு முகத்திலும் பொய் இல்லை. பிரதீபா தவறு செய்தது அங்கேதான். பதினோரு வருடமாகப் பொய்யை முகத்தில் தேடிப் பழகியவள், முகம் நிஜமானதும் விஷயமும் நிஜமாகிவிட்டது என்று நம்பிவிட்டாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தவறு அவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

பதினான்காம் மாதம், மூன்றாவது லைனில் அம்சவேணி மெஷின் மேலேயே சாய்ந்தாள்.

முப்பத்தாறு வயது, ரேணுகாதேவிக்குப் பக்கத்து மெஷின். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறையப் படுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பிரதீபா மறுநாள் சாயந்திரம் பார்க்கப் போனாள். வார்டு வாசலில் அம்சவேணியின் புருஷன் யுவராஜ் நின்றிருந்தான்.

"டாக்டரு எங்கிட்ட கேக்கறாருங்க, இந்தப் பொம்பளைக்கு எத்தன மாசமாத் தண்ணி குடுக்காம வெச்சிருந்தீங்கன்னு," என்றான். "நாம்போயி என்னத்தச் சொல்றதுங்க. டிபன் பாக்ஸு தெனமும் போன மாதிரியே திரும்பி வரும். கேட்டா வயிறு நெறஞ்சிருக்குதும்பா. ஆரோ வாங்கிக் குடுக்கறாங்கன்னு நெனச்சு நானு ரெண்டு நாளு சண்டையே போட்டனுங்க." அவன் அழுதான். அழுததற்கு வெட்கப்படவும் இல்லை.

உள்ளே அம்சவேணியின் முகம் வீங்கியிருந்தது. பிரதீபாவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படுங்க, படுங்க. என்ன அம்சா, ஒடம்புல இத்தன கஷ்டம், ஒரு வார்த்த சொல்லலியே?"

"தெரிஞ்சாத்தானுங்க மேடம் சொல்றதுக்கு. எனக்குத் தாகமே எடுக்கலீங். பசிக்கவுமில்லீங்." அவள் கொஞ்சம் சிரித்தாள். "எனக்குப் பதிஞ்சது பிரியாணிங்க. ஒரு நாளைக்கு ஒம்பது வாட்டி பிரியாணி தின்னவளுக்கு எப்படிங்க பசிக்கும்?"

"பாத்ரூமுக்கு?"

"அந்த நெனப்பும் வர்லீங். எல்லாந்தான் அடங்கிப்போவுதே." பிறகு அவளே சொன்னாள்: "முன்னயெல்லாம் மத்தியானம் நாலு பேரு வட்டமா உக்காருவமுங்க. ரேணுகா எம்பாக்ஸ எட்டிப் பாப்பா. கொழம்ப மாத்திக்குவம். மொகம் என்னடி ஒரு மாதிரி இருக்குதும்பா. இப்ப ஆருக்கும் ஆரு மொகமும் தெரியறதில்லீங். கண்ண மூடித் தொறந்தா வேலை."

பிரதீபா பஸ்ஸில் வரும்போது அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டு வந்தாள். தூவானத்தில் எழுநூறு பெண்கள் பதினான்கு மாதமாக ஒருத்தியோடு ஒருத்தி பேசிக்கொள்ளவே இல்லை. அது அவள் ரெக்கார்டில் எந்தக் கட்டத்திலும் வராது.

கம்பெனி சீக்கிரமே கடிதம் தயாரித்தது. 'கடந்த ஒரு வருடத்தில் மேற்படி தொழிலாளிக்கு 2,714 முறை அரை மணி நேர ஓய்வு வழங்கப்பட்டுள்ளது. எனவே அவர் நோய்க்கும் வேலைக்கும் தொடர்பில்லை.' கீழே பிரதீபாவின் பெயர் அச்சடித்திருந்தது. இந்தக் கடிதம் செல்லுபடியாகிவிட்டால் அம்சவேணிக்கு வைத்தியமும் இல்லை, வேலையும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், அதை யுவராஜ் ஒருத்தனாகத் தாங்க முடியாது. பட்டையும் மற்றவர்கள் நெற்றியிலேயே இருக்கும். யுவராஜ் தொழிற்சாலை ஆய்வாளரிடம் மனு கொடுத்தான். விசாரணைக்கு முதலாளியும் கம்பெனி வக்கீலும் பிரதீபாவும் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஆய்வாளர் அருள்தாஸ் தென்காசிப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். பட்டையை எடுத்துத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

"சட்டத்துல அரை மணி ஓய்வுன்னு இருக்கு. கடிகாரத்தோட அரை மணியா, மனசோட அரை மணியான்னு எழுதல. இந்தப் பட்டை வரும்னு அதை எழுதினவனுக்குத் தெரியாதுல்லா." அவர் பிரதீபாவைப் பார்த்தார். "படிவத்துல கையெழுத்து உங்களுதுதானம்மா?"

"என்னோடதுதான் சார்."

"நேர்ல சரிபாத்தேன்னு எழுதியிருக்கீங்க. அப்ப ஓய்வு குடுத்தீங்களா, இல்லையா?"

வக்கீல் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். கொடுக்கவில்லை என்று சொன்னால் அவள் போட்ட கையெழுத்து பொய்; நாளைக்கு எந்தக் கம்பெனியும் அவளை வாசலில் சேர்க்காது. அதுகூடப் பரவாயில்லை, வெறுமனே இல்லை என்று சொன்னால் நிற்காது. எழுநூறு பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டால், எழுநூறு பேரும் ஓய்வு கிடைத்தது என்று சத்தியம் செய்வார்கள். அவள் மூன்று நாளாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியது அதனால்தான்.

"குடுத்தோம் சார்," என்றாள். "ஒரு தடவை இல்ல, ஒம்பது தடவை. முதலாளியையே கேளுங்க."

மனு கொடுத்தவனாக ஓரத்தில் நின்றிருந்த யுவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். ராஜகணபதியின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒம்பதுங்க சார். இந்த ஊர்ல எந்தக் கம்பெனில குடுக்கறாங்க? டீக்குக் கால் மணி குடுத்த எடத்துல நானு அரை மணி குடுக்கறனுங்க. ஒவ்வொன்னும் முழு அரை மணி. அம்மணிகளையே கேட்டுப் பாருங்க."

"அப்ப ஒரு சந்தேகம் சார்," என்றாள் பிரதீபா. "ஓய்வு நேரத்தையும் சேத்து, ஒரு ஆளை ஒரு நாளைக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேல கம்பெனிக்குள்ள வெச்சிருக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்குதில்லீங்களா?"

"இருக்கு."

"காலைல எட்டரைக்கு வந்து ஆறரைக்குப் போறாங்க. அதுல கால் மணியக் கழிச்சிருங்க. கிட்டத்தட்ட ஒம்பதே முக்கால் மணி நேரம் மெஷின்ல. அதுக்கு மேல முதலாளி சொல்ற ஒம்பது அரை மணி. மொத்தம் எவ்வளவுன்னு பாருங்க."

அருள்தாஸ் பென்சிலை எடுத்தார். அவசரப்படாமல் கூட்டினார். "பதினாலே கால்," என்று சொல்லிவிட்டு ராஜகணபதியை நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க இது? பொம்பளைகள ஒரு நாளைக்குப் பதினாலே கால் மணி நேரம் உள்ள அடைச்சு வச்சிருக்கீங்க?"

"ஐயோ, அது எப்படிங்க சார்?" ராஜகணபதிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் நெசமான நேரமா? அவிகளுக்கு அப்படித் தோணுது, அவ்வளவுதான? கடியாரத்துல ஒன்னரை நிமிசந்தானுங்க போகுது."

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்துப் பிரயோஜனம் இல்லை. அருள்தாஸ் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"நல்லது," என்றார் அருள்தாஸ். "பட்டை குடுக்கறது நெசமான நேரம் இல்லன்னு நீங்க சொன்னத அப்படியே எழுதிக்கிடுதேன்."

உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. பட்டையை எடுக்க வேண்டும். மூன்று இடைவேளையும் கடிகாரப்படி கொடுக்க வேண்டும். பதினான்கு மாதமாக எழுநூறு பேரிடம் எடுத்துக்கொண்ட முக்கால் மணி ஒவ்வொன்றும் ஓவர்டைம்தான். அம்சவேணியின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும். ராஜகணபதி பிரதீபாவைக் கூப்பிட்டு, திட்டக்கூட இல்லாமல், ஒரு மாத நோட்டீஸைக் கையில் கொடுத்தார். அதை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். எதிர்பார்க்காதது ரேணுகாதேவியை.

பட்டைகளை அட்டைப்பெட்டியில் வாங்கிப் போட்ட அன்று காலை, ரேணுகாதேவி தன்னுடையதை உடனே கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்சா நல்லாருக்கோணும். அதுக்கு நீங்க பண்ணது பெரிய காரியமுங்க. நானு இல்லீங்கல," என்றாள். "ஆனா எங்கூட்டு நெலம உங்களுக்குத் தெரியாதுங்க மேடம். காத்தால நாலரைக்கு எந்திரிச்சா, படுக்கற வரைக்கும் ஆராச்சு ஒருத்தரு என்னயக் கூப்புட்டுட்டே இருப்பாங்க. நானு கால நீட்டி உக்காந்திருந்தது இதுல மட்டுந்தான். பொய்யாவே இருந்துட்டுப் போகட்டுமே."

"உள்ளுக்குள்ள ஒடம்பு கெடுதுக்கா."

"அது பட்டை இல்லாதப்பவும் கெட்டுட்டுத்தான கெடந்துது."

ரேணுகாதேவி பட்டையை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மெஷினுக்குப் போனாள். அந்தக் காலைப்பொழுது முழுக்கப் பிரதீபாவுக்கு மனசு சரியில்லை. ஒருத்தியைக் காப்பாற்றுவதற்கு எழுநூறு பேரின் கையிலிருந்ததைப் பிடுங்கிவிட்டோமோ என்றுகூட நினைத்தாள். சாப்பாட்டு மணி அடிக்கட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. கேன்டீனில் இன்னும் பேக்கிங் நடந்துகொண்டிருந்ததால் பெண்கள் மெஷின் பக்கத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். எலுமிச்சை சாதமும் புளிக்குழம்பும் கருவாடும் கலந்த வாசனை, பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்த ஹாலில் எழுந்தது. பிரதீபா ஜன்னல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கோ ஒரு மெஷின் ஓடிற்று.

ஐந்தாவது லைனில் யாரோ. பிறகு இரண்டாவது லைனில் ஒன்று. பிறகு வரிசையாகப் பத்து, இருபது. யாரும் யாரையும் ஏவவில்லை. சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். பெண்கள் இரண்டு கவளம் வாயில் போட்டுவிட்டு, மூடியை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தார்கள். பிரதீபா மணியைப் பார்த்தாள். முழுதாக இரண்டு நிமிடம் ஆகவில்லை.

அவள் ரேணுகாதேவியிடம் ஓடினாள். "அக்கா, இன்னும் இருவத்தெட்டு நிமிஷம் இருக்குது."

"போதுமுங்க மேடம். தின்னாச்சு."

"பாதிகூடத் திங்கலியே."

ரேணுகாதேவி டிபன் பாக்ஸைத் திரும்பிப் பார்த்தாள். அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்துவிட்டு, "கை சும்மா இருக்க மாட்டீங்குதுங்க," என்றாள். காலடியில் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

பிரதீபா லைன் லைனாகப் போய்ச் சொன்னாள். உத்தரவைக் காட்டினாள். உங்கள் நேரம் இது, யாரும் கேட்க முடியாது என்றாள். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். தலையாட்டிக்கொண்டே தைத்தார்கள். ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கூட நிறுத்திப் பார்த்தாள். விட்டதும் அந்தப் பெண் விட்ட இடத்திலிருந்து தையலைத் தொடர்ந்தாள். சட்டத்தை வைத்து முதலாளியின் வாயைக் கட்டியாயிற்று. இந்தக் கைகளை எந்தச் சட்டத்தை வைத்துக் கட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் மாடிப்படி ஓரத்தில் இருந்த மெயின் ஸ்விட்ச் பெட்டியிடம் போனாள். கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து, முழு பலத்தோடு கீழே இழுத்தாள்.

ஹால் முழுக்கச் சத்தம் ஒரே நேரத்தில் நின்றது. ஃபேன்கள் மெதுவாகச் சுற்றி ஓய்ந்தன. எழுநூறு தலைகள் நிமிர்ந்தன.

"கரண்டு போயிருச்சுங்களா மேடம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆமாங்க்கா. எங்கியோ ஒயரு அந்துருச்சாம்."

"பேட்டரி இருக்குதுங்களே?"

"அதுவும் காலியாம். சரி பண்ண அரை மணி நேரமாகுமாம்."

யாரோ சலித்துக்கொண்டார்கள். யாரோ முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். புழுக்கம் தாங்காமல் ஒருத்தி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வெளிச்சம் வந்த இடத்துக்கு நாலு பேர் நகர்ந்தார்கள். ரேணுகாதேவி கொஞ்ச நேரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மேஜைமேல் தலையைச் சாய்த்தாள். அப்படியே தூங்கியும் போனாள்.

பிரதீபா ஸ்விட்ச் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். அவளுக்கு நோட்டீஸில் இன்னும் இருபத்தொன்பது நாள் இருந்தது. நாளைக்கு என்ன காரணம் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினாள்.